நடுவில் எவரும் இல்லாத வலை

இன்று வைஃபை என்ற பெயரில் வழங்கும் கம்பியில்லா வலையமைப்புக்கு அடிப்படையான ஐ.இ.இ.இ. 802.11 என்னும் தரநிலை 1997ஆம் ஆண்டு முதன்முதலாக வெளியானபோது, கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கு அதில் இரண்டு ஏற்பாடுகள் வகுக்கப்பட்டிருந்தன. முதலாவதில் அணுகுமுனை எனப்படும் நடுவண் கருவி ஒன்று இருக்கும்; எல்லாக் கணினிகளும் தம் செய்தியை அதனிடமே ஒப்படைக்க, அது உரிய கணினியிடம் சேர்ப்பிக்கும். வீடுகளிலும் அலுவலகங்களிலும் சுவரில் மாட்டப்பட்டிருக்கும் ரூட்டர் செய்யும் பல வேலைகளுள் இதுவும் ஒன்று. இரண்டாவது ஏற்பாட்டில் அத்தகைய நடுவண் கருவி எதுவும் கிடையாது. ஒரு கணினியின் வானொலி அலை மற்றொரு கணினியை நேரே சென்றடையும். இதற்கு ஆட்-ஹாக் முறை என்று பெயர். 'இதற்காகவே' என்பது அந்த லத்தீன் தொடரின் நேர்ப்பொருள், அதாவது ஒரு தேவைக்காக அப்போதைக்கு அமைத்து, தேவை முடிந்ததும் கலைத்துவிடும் வலை.

முதலாவது ஏற்பாடு உலகெங்கும் பரவி, வைஃபை என்றாலே ரூட்டர் என்று பொருள்படும் அளவுக்கு வேரூன்றிவிட்டது. இரண்டாவதோ கணினியின் பட்டியல்களிலிருந்து ஆண்டுக்கு ஆண்டு உள்ளே தள்ளப்பட்டு, இன்று பெரும்பாலான பயனர்கள் கேள்விப்பட்டிராத ஒன்றாகிவிட்டது. இதன் விளைவை ஒவ்வொரு வீட்டிலும் காணலாம். ஒரே மேசையில் அருகருகே இருக்கும் இரண்டு மடிக்கணினிகளுக்கு இடையே ஒரு கோப்பை மாற்றிக்கொள்ள, அது மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ ஏற்றப்படுகிறது. தொலைவிலுள்ள ஏதோ ஒரு தரவு மையம் வரை போய், மூன்றடி தள்ளியிருக்கும் அடுத்த கணினிக்கு வந்து சேர்கிறது. இணையம் சீராக இருக்கும் நாளில் இந்தச் சுற்று எவருக்கும் உறைப்பதில்லை. புயலிலோ வெள்ளத்திலோ மின்சாரமும் அலைபேசிக் கோபுரங்களும் ஓய்ந்துவிட்ட நாளில்தான், மின்கலத்தில் உயிரோடிருக்கும் இரண்டு கணினிகள், பழுதில்லாத வைஃபை அட்டைகளை உள்ளே வைத்துக்கொண்டே, பேச வழியற்றவைபோல் நிற்கின்றன. வழி இல்லாமல் இல்லை. வழி மறக்கப்பட்டிருக்கிறது என்பதே உண்மை.

கணினிகளைக் கம்பியின்றி இணைக்கும் முயற்சி வைஃபையைவிடக் கால் நூற்றாண்டு மூத்தது. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் தலைமையில் உருவான அலோகாநெட் என்னும் வானொலி வலையமைப்பு 1971ஆம் ஆண்டு ஜூன் மாதம் இயங்கத் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் அனுப்பலாம், இருவர் அனுப்பியவை வழியில் மோதிச் சிதைந்தால் இருவரும் வெவ்வேறு நேரம் காத்திருந்து மீண்டும் அனுப்ப வேண்டும் என்ற எளிய விதியே அதன் உயிர்நாடி. ஈதர்நெட்டும் அதன்பின் வந்த வைஃபையும் அந்த விதியின் வழித்தோன்றல்களே. 1985ஆம் ஆண்டு அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் 900 மெகாஹெர்ட்ஸ், 2.4 கிகாஹெர்ட்ஸ், 5.8 கிகாஹெர்ட்ஸ் ஆகிய அலைப்பட்டைகளில் உரிமம் பெறாமலே தகவல் அனுப்ப இடம் கொடுத்தது. அதுவரை இந்தப் பட்டைகள் நுண்ணலை அடுப்பு போன்ற கருவிகளுக்கென்று விடப்பட்டிருந்தவை. அந்த வாய்ப்பைப் பற்றிக்கொண்டு, நெதர்லாந்தில் என்.சி.ஆர். நிறுவனத்தின் பொறியாளர்கள் வேவ்லேன் என்ற கம்பியில்லா அட்டையை உருவாக்கினார்கள்; அந்நிறுவனத்தைச் சேர்ந்த விக் ஹேய்ஸ் தலைமையில் 802.11 குழு ஏழாண்டு உழைத்து 1997இல் தரநிலையை முடித்தது. அதன் வேகம் நொடிக்கு 1 அல்லது 2 மெகாபிட் மட்டுமே. ஆனால் நடுவண் கருவி இல்லாத வலைக்கும் அதில் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது என்பது அந்தப் பொறியாளர்களின் தொலைநோக்கைக் காட்டுகிறது. கணினி என்பது ஒரு நிலையத்தை அண்டி வாழும் கிளை மட்டுமன்று, தானே ஒரு நிலையமும் ஆகும் என்று அவர்கள் கருதினார்கள்.

தலைமை இல்லாத கூட்டம்

ஆட்-ஹாக் வலை இயங்கும் விதம் பொறியியல் அழகு மிக்கது. ஆகவே சற்று விரிவாகவே பார்க்கத் தக்கது. முதலில் தொடங்கும் கணினி, வலைக்கு ஒரு பெயரைச் சூட்டுகிறது. சேனல் எனப்படும் அலைத்தடம் ஒன்றைத் தேர்ந்துகொள்கிறது, 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டை இந்தியாவில் இத்தகைய 13 தடங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது, அவற்றுள் 1, 6, 11 ஆகிய மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று படியாதவை. பெயர் ஒன்றாக இருப்பதால் மட்டும் இரண்டு வலைகள் ஒன்றாகிவிடக் கூடாது என்பதற்காக, அந்தக் கணினி 48 பிட் நீளமுள்ள ஓர் அடையாள எண்ணையும் உருவாக்குகிறது. அதில் 46 பிட்டுகள் குலுக்கிப் போட்டாற்போல் எதேச்சையாக அமைபவை.

பிறகு பீக்கன் எனப்படும் அறிவிப்பு தொடங்குகிறது. இந்தப் பெயரில், இந்தத் தடத்தில், இந்த வேகங்களில் ஒரு வலை இங்கே இருக்கிறது என்று கூறும் சிறு செய்தி அது. வழக்கமாக நொடிக்கு ஏறத்தாழப் பத்து முறை ஒலிபரப்பாகும். ரூட்டர் உள்ள வலையில் இந்த வேலையை ரூட்டர் ஒன்றே செய்கிறது. தலைமைக் கருவி இல்லாத வலையில் யார் செய்வது? தரநிலை இதற்குக் கண்ட விடை இதுதான்: அறிவிப்பு நேரம் வந்ததும் ஒவ்வொரு கணினியும் தனக்குள் ஓர் எதேச்சை எண்ணை எடுத்து அந்த அளவு காத்திருக்கும், எதன் காத்திருப்பு முதலில் முடிகிறதோ அது அறிவிக்கும், அதைக் கேட்ட மற்றவை தம் அறிவிப்பைக் கைவிடும். ஆகவே இந்த முறை ஒரு கணினி, அடுத்த முறை வேறொன்று என்று பொறுப்பு மாறிக்கொண்டே இருக்கும். முதலில் தொடங்கிய கணினியே அணைந்துபோனாலும் வலை அணையாது. கடிகாரத்தை ஒத்துவைப்பதிலும் இதே போக்குதான். அறிவிப்பில் வரும் நேரம் தன் நேரத்தைவிட முந்தியிருக்கக் கண்டால், கேட்கும் கணினி தன் கடிகாரத்தை அதற்கேற்பத் திருத்திக்கொள்ளும். எல்லாரும் வேகமான கடிகாரத்தைப் பின்பற்றுவதால் சிறிது நேரத்தில் கூட்டம் முழுவதும் ஒரே நேரத்துக்கு வந்துவிடும்.

கோட்பாட்டில் அழகாக இருக்கும் இந்த ஏற்பாடு நடைமுறையில் இரண்டு இடங்களில் தடுமாறியது. ஒரே பெயரில், ஒரே தடத்தில் வலை தொடங்கிய இரண்டு கணினிகள் ஒன்றையொன்று கேட்கும் முன்பே தனித்தனி அடையாள எண்களை உருவாக்கிக்கொண்டால், பெயரளவில் ஒன்றாகவும் உண்மையில் இரண்டாகவும் வலை பிளந்து நின்றது. பிளவைக் கண்டறிந்து இணைக்க வேண்டிய அட்டைகளின் உள்மென்பொருள் பலவும் அதைச் சரிவரச் செய்யவில்லை. அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் வீட்டுக் கூரைகளில் ஆன்டெனா நாட்டி, ரூஃப்நெட் என்ற பெயரில் 37 கணினிகளைக் கம்பியின்றி இணைத்தபோது இந்தப் பிளவு நோயைக் கண்டு, அறிவிப்பு அலைகளையே நீக்கிவிட்ட ஒரு மாற்று முறைக்குச் சென்றார்கள்.

இரண்டாவது தடுமாற்றம் இயற்கையின் வரம்பிலிருந்து வருவது. பேசுவதற்கு முன் தடம் அமைதியாக இருக்கிறதா என்று செவிகொடுத்துக் கேட்பது வைஃபை விதி. ஒரு நீண்ட கட்டடத்தின் இரு முனைகளில் ஒவ்வொரு கணினியும் நடுவில் ஒன்றும் இருப்பதாகக் கொண்டால், நடுக் கணினிக்கு இரு முனைகளும் கேட்கும். முனைகளுக்கு ஒன்றின் குரல் மற்றொன்றுக்குக் கேட்காது. இரண்டும் தடம் காலியென்று நம்பி ஒரே நேரத்தில் பேச, நடுவில் இருப்பதற்கு இரண்டுமே விளங்காது. மறைமுனைச் சிக்கல் எனப்படும் இதோடு இன்னொன்றும் உண்டு: நடுக் கணினி தானாக முன்வந்து ஒரு முனையின் செய்தியை மறுமுனைக்குக் கடத்தாது. அடிப்படை ஆட்-ஹாக் முறையில், நேரே கேட்கும் தொலைவில் இருப்பவர்கள் மட்டுமே உறவினர்.

முகவரி கொடுப்பார் இல்லாதபோது

வானொலி அலை சென்று சேர்ந்துவிட்டால் மட்டும் வலை முழுமையாகிவிடாது. ஒவ்வொரு கணினிக்கும் ஐ.பி. முகவரி, அதாவது வலைக்குள் அதனைச் சுட்டும் எண் வரிசை, வேண்டும். வீட்டு வலையில் ரூட்டருக்குள் இயங்கும் டி.எச்.சி.பி. என்னும் சேவை, வந்து சேரும் ஒவ்வொரு கருவிக்கும் கதவிலக்கம் கொடுப்பதுபோல் முகவரி வழங்குகிறது. ரூட்டர் இல்லாத வலையில் அதை வழங்குவார் இல்லை. வைஃபை இணைந்துவிட்டதாகத் திரை காட்டியும் கோப்பு நகராத பல வேளைகளில் கோளாறு இந்த இடத்தில்தான் இருக்கிறது. பயனர் பழிப்பதோ வைஃபை அட்டையை.

முகவரி பெற மூன்று வழிகள் உண்டு. கையால் முகவரி இடுவது பழமையானது, இன்றும் நம்பத்தக்கது: ஒரு கணினிக்கு 192.168.10.1 என்றும் மற்றதற்கு 192.168.10.2 என்றும், இரண்டுக்கும் 255.255.255.0 என்ற எல்லைக் குறிப்பையும் கொடுத்தால் போதும். 192.168 என்று தொடங்கும் எண்கள் தனியார் வலைகளுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. ஆதலால் இணையத்திலுள்ள எவருடைய முகவரியோடும் மோதும் அச்சமில்லை. இரண்டாவது வழியில் கணினி தானே முகவரியைச் சூடிக்கொள்கிறது. வழங்குவார் எவரும் விடையிறுக்காதபோது, 169.254 என்று தொடங்கும் எண்களுள் ஒன்றை எதேச்சையாக எடுத்து, 'இந்த எண்ணை வேறு யாராவது வைத்திருக்கிறீர்களா' என்று வலையில் கேட்டு, மறுப்பு வராவிட்டால் அதையே வைத்துக்கொள்ளும் இந்த முறை 2005இல் முறையான இணைய நெறிமுறையாக வெளியானது. அதன் ஆசிரியர்களுள் ஒருவரான ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டூவர்ட் செஷயர், எண்ணை நினைவில் வைக்கத் தேவையின்றி '.லோக்கல்' என்று முடியும் பெயரால் பக்கத்துக் கணினியை அழைக்கும் ஏற்பாட்டையும் வகுத்தவர். திரையில் 169.254 என்ற எண்ணைக் கண்டால் வலை கெட்டுவிட்டது என்று பலர் முடிவு செய்கிறார்கள். இணையத்தை நாடும்போது அது கோளாற்றின் அடையாளம், நேரடி வலையிலோ அது இயல்பான நிலை. மூன்றாவது வழி, கணினிகளுள் ஒன்றே முகவரி வழங்கும் பொறுப்பையும் ஏற்பது; இன்றைய ஹாட்ஸ்பாட் முறைகள் எல்லாம் இவ்வழியில் இயங்குகின்றன.

முறை ஒடுங்கிய விதம்

1999இல் நொடிக்கு 11 மெகாபிட் வேகமுள்ள 802.11பி தரநிலை வந்து, அதே ஆண்டு ஆப்பிள் தன் ஐபுக் மடிக்கணினியில் ஏர்போர்ட் என்ற பெயரில் வைஃபையைச் சேர்த்தபோது, கணினிக்குக் கணினி நேரடி வலை அமைப்பது சாதாரணப் பயனரின் கைக்கு எட்டிய வசதியாக இருந்தது. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி, பின்னர் விண்டோஸ் விஸ்டா, விண்டோஸ் 7 ஆகியவற்றிலும் அதற்கென்று தனிப் பகுதி இருந்தது. ஆனால் அந்த முறைக்குப் பாதுகாப்பாக அமைந்தது பெரும்பாலும் டபிள்யூ.ஈ.பி. என்ற பழைய மறையாக்கம். மறையாக்கம் என்பது வழியில் ஒட்டுக்கேட்பவருக்குப் புரியாதபடி செய்தியைக் குலைத்து அனுப்புவது. அந்தப் பூட்டை உடைக்கும் வழியை ஃப்ளூரர், மான்டின், ஷமீர் ஆகிய மூவர் 2001இலேயே வெளியிட்டுவிட்டார்கள். ரூட்டர் வலைகள் 2003இல் டபிள்யூ.பி.ஏ. என்ற புதிய பூட்டுக்கும் 2004இல் டபிள்யூ.பி.ஏ.2க்கும் முன்னேறியபோது, ஆட்-ஹாக் வலைகள் பலவும் பழைய பூட்டோடே பின்தங்கின. வேகத்திலும் அதே கதை நிகழ்ந்தது. ரூட்டரோடு நொடிக்கு நூற்றுக்கணக்கான மெகாபிட் வேகத்தில் பேசும் அட்டைகள் பலவும், ஆட்-ஹாக் முறையில் 11 மெகாபிட்டுக்கே தாழ்ந்து நின்றன.

விண்டோஸ் எக்ஸ்பியின் ஒரு பிழையும் இந்த முறையின் பெயரைக் கெடுத்தது. பழகிய வலை எதுவும் கிடைக்காதபோது, முன்பு இணைந்திருந்த ஆட்-ஹாக் வலையின் பெயரைக் கணினி தானே ஒலிபரப்பத் தொடங்கும் இயல்பு அதில் இருந்தது. இலவசப் பொது வைஃபை என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர் கொண்ட ஒரு வலையை எங்கோ ஒருவர் கண்டு, இணையம் கிடைக்கும் என்று நம்பி இணைய முயன்றார், கிடைக்கவில்லை, ஆனால் அவருடைய கணினி அந்தப் பெயரைத் தொற்றிக்கொண்டு அடுத்த விமான நிலையத்தில் ஒலிபரப்பியது. இப்படியே ஒருவரிடமிருந்து ஒருவருக்கு அந்தப் பெயர் அமெரிக்க விமான நிலையங்கள் எங்கும் பரவியது. அதன் பின்னால் வைரஸ் எதுவும் இல்லை. எக்ஸ்பியின் மூன்றாம் திருத்தத் தொகுப்பு இந்த இயல்பை நீக்கியது. எனினும் ஆட்-ஹாக் வலை என்றால் ஆபத்து என்ற எண்ணம் நிலைத்துவிட்டது.

இறுதி அடி அலைபேசிகளிடமிருந்து வந்தது. ஆண்ட்ராய்டு, கணினிகள் அறிவிக்கும் ஆட்-ஹாக் வலைகளைத் தன் பட்டியலில் காட்டவே இல்லை. 2012இல் வந்த விண்டோஸ் 8 அந்த முறையை அமைப்புப் பக்கங்களிலிருந்து அகற்றியது. மேக் கணினிகளின் வைஃபை பட்டியலில் இருந்த புதிய வலை உருவாக்கும் வசதி 2020இல் வந்த பிக் சர் பதிப்பில் காணாமற்போனது. தொழில்நுட்பக் குறைகள் உண்மையானவை. அவற்றை மறுக்க முடியாது. ஆனால் குறைகளைக் களைந்து பொது முறையாக வளர்த்திருக்க வேண்டிய இடத்தில், ஒவ்வொரு நிறுவனமும் தன் கருவிகளுக்குள் மட்டும் செல்லுபடியாகும் தனி முறையைக் கட்டிக்கொண்டது. 2011இல் ஆப்பிள் கொண்டுவந்த ஏர்டிராப் அவற்றுள் பெயர்பெற்றது. அது இரண்டு ஆப்பிள் கருவிகளுக்கு நடுவே மிக எளிதாகக் கோப்பைக் கடத்தியது, பக்கத்து மேசை விண்டோஸ் கணினியை அறியவே அறியாது. தரநிலை எல்லாருக்கும் பொதுவாகக் கொடுத்த ஒன்று, தனித்தனி வேலிகளுக்குள் அடைபட்டது என்பதே இந்த வரலாற்றின் சரியான வாசிப்பு.

பொது முறையாக எஞ்சியது வைஃபை டைரக்ட். வைஃபை கூட்டமைப்பு 2010 அக்டோபரில் இதற்குச் சான்றளிக்கத் தொடங்கியது. இதில் இரண்டு கருவிகள் சந்தித்ததும், தலைமை ஏற்கும் விருப்பத்தை 0 முதல் 15 வரை ஓர் எண்ணால் தெரிவித்துக்கொள்கின்றன. அதிக எண் கூறியது குழுத் தலைமையாகி, அணுகுமுனையின் வேலையைத் தானே செய்கிறது. அச்சுப்பொறிகளின் அருகே 'டைரக்ட்' என்று தொடங்கும் வலைப் பெயர்கள் தென்படுவதற்கு இதுவே காரணம். கணினித் திரையைத் தொலைக்காட்சியில் காட்டும் மிராகாஸ்ட் 2012 முதல் இதன்மேல்தான் இயங்குகிறது. தலைமையே இல்லாத கூட்டம் என்ற பழைய கருத்து கைவிடப்பட்டு, தலைமையைப் பேசித் தீர்மானிக்கும் கூட்டமாக அது மாறியது. பாதுகாப்பும் வேகமும் அதனால் மீண்டன.

இன்று அமைக்கும் முறை

இக்காலக் கணினியில் நேரடி வலை அமைப்பதென்பது, கணினிகளுள் ஒன்றை மென்பொருளால் அணுகுமுனை ஆக்குவதே. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் செட்டிங்ஸ் பகுதியின் நெட்வொர்க் பிரிவில் உள்ள மொபைல் ஹாட்ஸ்பாட் இதைச் செய்கிறது; பெயரும் கடவுச்சொல்லும் இட்டு இயக்கினால், அந்தக் கணினி தனக்கு 192.168.137.1 என்ற முகவரியை எடுத்துக்கொண்டு, இணையும் எட்டுக் கருவிகள் வரை முகவரி வழங்கும். இதில் ஒரு பெருங்குறை உண்டு: பகிர்வதற்கு ஏதேனும் ஓர் இணைப்பு இல்லாவிட்டால் ஹாட்ஸ்பாட்டைத் தொடங்கவே விண்டோஸ் மறுக்கிறது. இணையமே இல்லாத இடத்தில்தான் நேரடி வலை மிகவும் தேவைப்படும் என்பதை எண்ணும்போது, இந்த மறுப்பு நீக்கப்பட வேண்டிய ஒன்று என்பதில் ஐயமில்லை. விண்டோஸ் 7 காலத்தில் சேர்க்கப்பட்ட ஹோஸ்டட் நெட்வொர்க் என்னும் கட்டளை வழி இந்த நிபந்தனையை விதிக்கவில்லை. ஆயினும் புதிய வைஃபை அட்டைகளின் டிரைவர்கள் பல, அதாவது அட்டையை இயக்கும் மென்பொருள்கள், அதை ஆதரிப்பதில்லை.

உபுண்டு முதலிய லினக்ஸ் அமைப்புகள் இவ்வகையில் தாராளமானவை. வைஃபை அமைப்புப் பக்கத்திலேயே ஹாட்ஸ்பாட் தொடங்கும் வசதி உண்டு; இணையம் இருக்க வேண்டும் என்று அது கேட்பதில்லை; வழங்கும் முகவரிகள் 10.42 என்று தொடங்கும். அட்டை இடங்கொடுத்தால் பழைய ஆட்-ஹாக் வலையையும் லினக்ஸில் இன்றும் அமைக்கலாம். மேக் கணினியில் ஷேரிங் பகுதியிலுள்ள இன்டர்நெட் ஷேரிங் இந்த வேலையைச் செய்கிறது. இவை எதுவும் கைகொடுக்காதபோது ஆண்ட்ராய்டு அலைபேசி உதவும்: மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு ஹாட்ஸ்பாட்டை மட்டும் இயக்கினால், இணையமின்றியே அது ஒரு சிறு ரூட்டராக நிற்கும், அதில் இணையும் கணினிகள் ஒன்றையொன்று காணலாம்.

வலை உருவான பிறகும் பலர் தோற்பது அடுத்த மூன்று இடங்களில். அறியாத வலையை விண்டோஸ் பொது இடத்து வலையாகக் கருதி, ஃபயர்வால் என்னும் காப்புச் சுவரை எழுப்பிவிடுகிறது. அந்த வலையைத் தனியார் வலை என்று குறித்தால்தான் கோப்புப் பகிர்வு திறக்கும். மறுமுனை இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் பிங் கட்டளைக்குக்கூட அந்தச் சுவர் விடை தராது. ஆகவே பிங் தோற்றதை வைத்து வலையே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. அடுத்து, இணையம் இல்லாத வைஃபையில் இணைந்த அலைபேசி, அதை விட்டுவிட்டு மொபைல் டேட்டாவுக்குத் தாவ முயலும். இணைப்பில் நீடிக்கவா என்று அது கேட்கும்போது ஆம் என்று சொல்ல வேண்டும். மூன்றாவது, அட்டையில் ஒரே வானொலிதான் இருக்கிறது என்பது. ரூட்டர் ஒன்றோடு இணைந்தபடியே ஹாட்ஸ்பாட்டும் நடத்தும் கணினி, ஒரே தடத்தின் நேரத்தை இரண்டு வேலைகளுக்கும் பங்கிடுவதால் வேகம் பாதிக்கு மேல் குறையக்கூடும்.

கோப்பைக் கடத்த லோக்கல்சென்ட் போன்ற கட்டற்ற செயலிகள் உண்டு. அவற்றுக்கு இணையம் தேவையில்லை, விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஐபோன் என்ற வேறுபாடும் இல்லை. பைத்தான் நிறுவப்பட்ட கணினியில் ஒரே வரிக் கட்டளையால் ஒரு கோப்புறையை வலைப்பக்கமாகத் திறந்துவிட்டு, மற்றவர்கள் உலாவியில் முகவரியைத் தட்டி எடுத்துக்கொள்ளச் செய்யலாம். இணையம் எட்டாத பள்ளிக்கூடங்களுக்கு இதைவிடப் பயனுள்ள ஒன்று கிவிக்ஸ்: விக்கிப்பீடியாவை முழுமையாக ஒரு கோப்பாகச் சேமித்து இணையமின்றிப் படிக்க உதவும் கட்டற்ற மென்பொருள் அது, தமிழ் விக்கிப்பீடியாவும் அவ்வடிவில் கிடைக்கிறது. ஆசிரியரின் மடிக்கணினி ஒன்று ஹாட்ஸ்பாட்டாக நின்று அதை வழங்கினால், ஒரு வகுப்பறைக்குள் கலைக்களஞ்சியம் ஒன்று மாதக் கட்டணமின்றி வந்துவிடும்.

கடவுச்சொல் இல்லாத வலையைத் திறந்து வைப்பது எந்த நிலையிலும் தகாது. டபிள்யூ.பி.ஏ.2 அல்லது டபிள்யூ.பி.ஏ.3 பூட்டும், குறைந்தது 12 எழுத்துள்ள கடவுச்சொல்லும் இட்டு, வேலை முடிந்ததும் வலையை அணைத்துவிட வேண்டும். சட்டத்தைப் பொறுத்தவரை இந்தியாவில் தடையில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 1 வாட் திறனுக்கு உட்பட்ட கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என்று 2005 ஜனவரியில் மத்திய அரசு அறிவித்தது; 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் பெரும்பகுதி 2018 அக்டோபரில் அவ்வாறே திறந்துவிடப்பட்டது. மடிக்கணினியின் வைஃபை இந்த வரம்புக்கு மிகவும் கீழேதான் ஒலிபரப்புகிறது.

ஓர் அறையைத் தாண்டி

நேரடி வலையின் மெய்யான ஆற்றல், செய்தியைக் கைமாற்றிக் கடத்தும் மெஷ் என்னும் பின்னல் வலையில் வெளிப்பட்டது. அடிப்படை ஆட்-ஹாக் முறையில் நடுக் கணினி செய்யாத அந்த வேலையை, அதாவது ஒருவர் செய்தியை வாங்கி அடுத்தவருக்குக் கொடுப்பதை, மேலே இடப்படும் ஒரு மென்பொருள் செய்கிறது. பெர்லினில் ஃப்ரைஃபுங்க் என்ற மக்கள் வலையமைப்பைக் கட்டியவர்கள் இதற்கென்று உருவாக்கிய பேட்மேன் என்னும் நெறிமுறை 2011இல் லினக்ஸின் கெர்னல் எனப்படும் மையப் பகுதியிலேயே இடம்பெற்றது. இந்தியாவில் 2005ஆம் ஆண்டு உரிம விலக்கு வந்த உடனேயே, இமாசலப் பிரதேசத்தின் தர்மசாலா மலைச்சரிவுகளில் திபெத்தியச் சமூகத்தின் பள்ளிகளையும் நிறுவனங்களையும் இணைத்து அத்தகைய வலை எழுந்தது. ஏர்ஜல்தி என்ற அமைப்பு அதிலிருந்தே வளர்ந்தது.

தமிழ்நாட்டுக்கும் இந்த வரலாற்றில் உரிய இடம் உண்டு. தேனி அரவிந்த் கண் மருத்துவமனையையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களின் கண் பரிசோதனை மையங்களையும், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவர் வழிநடத்திய ஆய்வுக்குழு, மலிவான வைஃபை அட்டைகளையும் உயரக் கம்பங்களில் ஏற்றிய திசை ஆன்டெனாக்களையும் கொண்டு நேரடியாக இணைத்தது. இங்கே எதிர்ப்பட்ட தடை ஒளியின் வேகம். வைஃபை அட்டை ஒரு பொதியை, அதாவது செய்தியின் ஒரு துண்டை, அனுப்பியதும், கிடைத்தது என்ற ஒப்புதலுக்காக மைக்ரோநொடிகளில் அளவிடத்தக்க சிறு பொழுதே காத்திருக்கும். 10 கிலோமீட்டர் தொலைவுக்கு அலை போய்த் திரும்பவே ஏறத்தாழ 67 மைக்ரோநொடி ஆகிவிடுவதால், ஒப்புதல் வந்து சேர்வதற்குள் அட்டை பொறுமையிழந்து அதே பொதியை மீண்டும் அனுப்பும். வலை தன் குரலிலேயே தான் மூழ்கும். ஆய்வுக்குழு அட்டையின் மென்பொருளை மாற்றி, கேட்டுப் பேசும் விதிக்குப் பதிலாக, இரு முனைகளும் முறை வைத்து மாறிமாறிப் பேசும் விதியைப் புகுத்தியது. பல மடங்கு உயர்ந்த வேகம் 2007இல் ஆய்வரங்கக் கட்டுரையாக வெளியானது. அதன் பயன் கிராமத்து நோயாளிக்குச் சென்றது: பேருந்து ஏறி நகரத்துக்குப் போகாமலே, தன் ஊர் மையத்தில் அமர்ந்தபடி மருத்துவமனையின் கண் மருத்துவரோடு காணொளியில் பேச முடிந்தது. அந்த உரையாடல் மருத்துவமனைக்கும் மையத்துக்கும் நடுவே நேரே பாய்ந்தது. இடையில் தொலைபேசி நிறுவனம் எதுவும் இல்லை.

இயங்குதளங்களை உருவாக்கும் நிறுவனங்கள், இணையம் இருந்தால்தான் ஹாட்ஸ்பாட் என்ற நிபந்தனையை நீக்கி, நேரடி வலையை வைஃபை பட்டியலின் முதல் பக்கத்துக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அதற்குக் காத்திராமல் வாசகர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், வீட்டு ரூட்டரையும் மொபைல் டேட்டாவையும் அணைத்துவிட்டு, இரண்டு கருவிகளை நேரே இணைத்து ஒரு கோப்பை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அனுப்பிப் பாருங்கள். வலையின் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒரு தாளில் எழுதி, மெழுகுவத்தியும் தீப்பெட்டியும் இருக்கும் அதே இடத்தில் வையுங்கள்.